எந்தத் தெருவுக்கு எந்தப் பள்ளி?

ஆறாம் ஆண்டு முடியும் பருவத்தில் பினாங்குத் தமிழ் வீடுகளில் ஒரு கேள்வி மற்ற பேச்சையெல்லாம் பின்னுக்குத் தள்ளிவிடும். பிள்ளைக்கு எந்த ஸ்கூல் கிடைத்திருக்கிறது? ஸ்காட்லாந்து சாலை ராமகிருஷ்ணா தமிழ்ப்பள்ளியிலோ ஆயர் ஈத்தாம் ராஜாஜி தமிழ்ப்பள்ளியிலோ ஆறு வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து படித்த இருவரில் ஒருவருக்கு வீட்டுக்கு அருகில் இடம் கிடைக்கும். இன்னொருவருக்கு வேன் பிடித்துப் போகவேண்டிய தூரத்தில் கிடைக்கும். முதல் குடும்பம் நிம்மதியாக மூச்சு விடும். இரண்டாவது குடும்பம் மேல்முறையீட்டுப் பாரத்தைத் தேடிக் கிளம்பும்.

எந்தத் தெருப் பிள்ளை எந்த இடைநிலைப்பள்ளிக்குப் போவது என்பதை யார் முடிவு செய்வது, அந்த முடிவு மாறும்போது அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் சொல்லுக்கு என்ன மதிப்பு? இந்தக் கேள்வி பினாங்குக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் இதற்காகச் சாலையில் இறங்கியிருக்கிறார்கள். இலங்கையில் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். பினாங்கில் இது சத்தமில்லாமல், ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாக நடக்கிறது. இங்கே பிரச்சினை பெரிதாகப் பேசப்படாமல் போவதற்கு இப்படித் தனித்தனியாக நடப்பதே ஒரு காரணம்.

மலேசியாவில் இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டான படிவம் 1க்கான இடத்தைக் கல்வி அமைச்சின்கீழ் இயங்கும் மாவட்டக் கல்வி அலுவலகங்கள் ஒதுக்குகின்றன. பினாங்குத் தீவில் வடகிழக்கு, தென்மேற்கு என இரண்டு மாவட்டங்கள். பெருநிலத்தில் செபராங் பிறை வடக்கு, மத்தி, தெற்கு என மூன்று. ஓர் ஆரம்பப்பள்ளியில் படித்து முடிப்பவர்கள் இன்னின்ன இடைநிலைப்பள்ளிக்குப் போவார்கள் என்ற இணைப்பு ஒரு பக்கம். வீட்டு முகவரி இன்னொரு பக்கம். காலியாக இருக்கும் இடங்களின் எண்ணிக்கை மூன்றாவது. இவற்றை வைத்துத்தான் பொதுவாக முடிவு வருகிறது. தங்கும் விடுதிப் பள்ளிகளுக்கும் சிறப்புப் பள்ளிகளுக்கும் வழி வேறு.

தெருவாரியாகக் கோடு போட்ட வரைபடம் பெற்றோர் முன் விரித்து வைக்கப்படுவதில்லை. பெற்றோர் கையில் கிடைப்பது ஒரு பள்ளியின் பெயர்தான். கோடு கண்ணுக்குத் தெரிந்தால் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள் ஒன்றுகூடிப் பேசுவார்கள். தெரியாதபோது ஒவ்வொரு குடும்பமும் தன் பிள்ளைக்கு மட்டும் ஏதோ தவறு நேர்ந்துவிட்டதாக எண்ணி, தனியாக மனு எழுதும். யாரையாவது தெரிந்தவர்கள் மனுவோடு ஒரு தொலைபேசி அழைப்பையும் சேர்த்துக்கொள்வார்கள். யாரையும் தெரியாதவர்கள் காத்திருப்பார்கள். கோட்டை மறைத்து வைப்பதால் எதிர்ப்பு குறைவதில்லை. எதிர்க்கும் வசதி உள்ளவர்களுக்கு மட்டும் அது உரியதாகிவிடுகிறது.

ஆரம்பப்பள்ளிக்கும் உயர்பள்ளிக்கும் முடிச்சுப் போடும் பழக்கம் இந்த ஊரில் பழையது. 1816 அக்டோபர் 21ஆம் நாள் பாதிரியார் ராபர்ட் ஸ்பார்க் ஹட்சிங்ஸ் முயற்சியில் பினாங்கு பிரீ ஸ்கூல் தொடங்கியது. இன, மத வேறுபாடு பாராமல் பிள்ளைகளைச் சேர்ப்பது அதன் நோக்கம். இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் வயதையும் அந்தப் பள்ளியில் நடந்த தமிழ் வகுப்பிலிருந்துதான் கணக்கிடுகிறார்கள். 2016இல் 200 ஆண்டு விழா கொண்டாடியதும் அந்தக் கணக்கில்தான். 1928இல் பள்ளி பார்குவார் தெருவிலிருந்து கிரீன் லேனுக்கு இடம் மாறியது. விட்டுச்சென்ற கட்டடத்தில் ஹட்சிங்ஸ் பள்ளி வந்தது. ஹட்சிங்ஸ், பிரான்சிஸ் லைட், வெஸ்ட்லண்ட்ஸ் ஆகிய பள்ளிகளில் படித்தவர்கள் பிரீ ஸ்கூலுக்குப் போவது வழக்கமாயிற்று. அந்த வரிசையில் இடம் பிடித்த குடும்பத்துக்குப் பேரன் காலம் வரை கவலை இல்லை. தமிழ்ப்பள்ளிகள் அந்த வரிசைக்கு வெளியே நின்றன.

விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் அந்த வெளியே நிற்றல் சட்டத்தின் வடிவத்தையும் பெற்றது. 1956இன் ரசாக் அறிக்கை, 1960இன் ரஹ்மான் தாலிப் அறிக்கை, 1961இன் கல்விச் சட்டம் என்று அடுத்தடுத்து வந்தவை தாய்மொழி ஆரம்பப்பள்ளியை விட்டுவைத்து, அரசு உதவி பெறும் இடைநிலைக் கல்வியைப் பொது மொழிக்குள் கொண்டுவந்தன. சீனச் சமூகம் தன் உயர்நிலைப்பள்ளிகளில் சிலவற்றை அரசு உதவி பெறும் வகைக்கு மாற்றியது. சிலவற்றைத் தன் பணத்தில் தனியார் பள்ளிகளாகவே நடத்தியது. பினாங்கில் இன்றும் ஐந்து சீனத் தனியார் உயர்நிலைப்பள்ளிகள் இயங்குகின்றன. கல்வி அலுவலகம் ஒதுக்கிய பள்ளி பிடிக்காத சீனக் குடும்பத்துக்கு, கட்டணம் கட்ட முடிந்தால், தாய்மொழியிலேயே தொடரும் ஒரு வழி இருக்கிறது. தமிழ்க் குடும்பத்துக்கு அது இல்லை. 2008க்குப் பிறகு துணை முதலமைச்சர் பி. இராமசாமி இருந்த மாநில அரசு தமிழ் இடைநிலைப்பள்ளி ஒன்றைக் கேட்டுப் பார்த்தது. கூட்டரசின் அனுமதி கிடைக்கவில்லை. ஆகவே பினாங்கின் 28 தமிழ்ப்பள்ளிகளில் எதில் படித்தாலும், 12 வயது முடிந்ததும் பிள்ளை மொழியும் மாறி, பள்ளியும் மாறி, வழக்கமான சேர்க்கையில் அலுவலகம் காட்டும் வாசலில்தான் போய் நிற்கவேண்டும்.

இதற்கு நடுவில் ஊரே இடம் பெயர்ந்துவிட்டது. ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் நிழலில் குறைந்த வாடகைக்குக் குடியிருந்த பல்லாயிரம் பேர், அந்தப் பாதுகாப்பு 2000 ஜனவரி 1ஆம் நாள் நீங்கியதும் நகரின் நடுப்பகுதியை விட்டு வெளியேறினார்கள். ஆயர் ஈத்தாம், பாயா தெருபோங், ரெலாவ், பாயான் பாரு அடுக்குமாடிகளுக்கும், பாலத்தைத் தாண்டிப் பெருநிலத்துக்கும் குடும்பங்கள் நகர்ந்தன. 2008இல் உலகப் பாரம்பரிய நகரம் என்ற தகுதி வந்தது. வீடுகள் தங்கும் விடுதிகளாயின, கடைகள் காப்பிக் கடைகளாயின. மக்கள் போன இடத்தில் வகுப்பறைகள் நிரம்பின. விட்டுப்போன இடத்தில் பழம்பெரும் பள்ளிகள் பிள்ளைகளுக்காகக் காத்திருந்தன.

இப்படிப்பட்ட நிலையில் எல்லையை மாற்றி வரையாமல் எந்தக் கல்வி அலுவலகமும் காலம் தள்ள முடியாது. இதை எதிர்ப்பவர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மாற்றம் எவ்வளவு வலிக்கும் என்பதை லைட் ஸ்திரீட் கான்வெண்ட் காட்டியது. 1852இல் இன்பன்ட் ஜீசஸ் கன்னியர் சபை தொடங்கிய அந்தப் பள்ளி நாட்டின் மிகப் பழைய பெண்கள் பள்ளி. நிலமும் கட்டடமும் சபைக்குச் சொந்தம். அங்கே 2018 முதல் ஆரம்பப்பள்ளியில் முதலாம் ஆண்டுக்கும் இடைநிலையில் படிவம் 1க்கும் புதிய மாணவிகளைச் சேர்ப்பதில்லை என்ற முடிவு 2017இன் கடைசி மாதங்களில் வெளியானது. படித்துக்கொண்டிருப்பவர்கள் முடித்துப் போகலாம். புதிதாக யாரும் வர மாட்டார்கள். பாட்டி, தாய், மகள் என்று மூன்று தலைமுறை படித்த குடும்பங்களுக்கு அது பெரிய அடி. முன்னாள் மாணவிகள் குரல் எழுப்பினார்கள். ஆனால் செய்திகளில் அதிகம் வராத இன்னொரு கூட்டம் இருந்தது. அந்த ஆண்டு ஆறாம் ஆண்டு முடித்துப் படிவம் 1க்குக் காத்திருந்த, நகரின் நடுப்பகுதியில் வாழ்ந்த சாதாரணக் குடும்பங்கள் அவை. அவர்கள் இழந்தது பாரம்பரியத்தை அன்று. நடந்து போகும் தூரத்தில் இருந்த ஒரு பெண்கள் பள்ளியை.

ஒரு பள்ளியின் வாசல் மூடப்படுவதும் ஓர் எல்லை மாற்றந்தான். அங்கே போயிருக்க வேண்டிய பிள்ளைகளைச் சுற்றியுள்ள பள்ளிகள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அந்தப் பங்கீட்டைக் குறித்து யாரும் அந்தத் தாய்மாரை உட்காரவைத்துப் பேசினார்களா என்பதுதான் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தப் பங்கீட்டில் இன்னொரு கணக்கும் உண்டு. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தேசிய இடைநிலைப்பள்ளியை வரையறுக்கும்போதே ஒன்றைச் சொல்கிறது. குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் அந்தப் பள்ளியில் தமிழோ சீனமோ கற்பிக்க வசதி செய்துதர வேண்டும். ஒரு படிவத்துக்கு 15 அன்று. பள்ளி முழுவதற்கும் 15. கேட்பதற்குச் சின்ன எண்ணாகத் தோன்றும். மாநில மக்களில் இந்தியர் ஏறத்தாழப் பத்தில் ஒருவர்தான் என்பதையும், அவர்கள் எங்கும் பரவி வாழ்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அதன் கனம் தெரியும். ஒரு தமிழ்ப்பள்ளியிலிருந்து ஓர் ஆண்டில் 24 பேர் வெளிவருவதாக வைத்துக்கொள்வோம். எல்லாரும் இரண்டு பள்ளிகளுக்குப் போனால், மேல்படிவத்தில் இருப்பவர்களையும் சேர்த்து இரண்டிலும் தமிழ் வகுப்பு உறுதி. ஆறு பள்ளிகளுக்குச் சிதறினால் பள்ளிக்கு நால்வர். மேல்படிவங்களில் போதிய தமிழ்ப் பிள்ளைகள் இல்லாவிட்டால் அந்த நால்வரும் பள்ளி முடிந்தபின் வேறெங்காவது தமிழ் படிக்கவேண்டும், அல்லது இடைநிலைக் கல்வியின் முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் தமிழையும் தமிழ் இலக்கியத்தையும் கைவிட வேண்டும்.

எஸ்.பி.எம். தேர்வில் பாடங்களின் எண்ணிக்கையைப் பத்தாகக் குறைக்கப்போவதாக 2009இல் அரசு அறிவித்தபோது, தமிழும் இலக்கியமும் போய்விடும் என்று தமிழ் அமைப்புகள் நாடு முழுவதும் எழுந்தன. பத்தோடு மேலும் இரண்டு எடுக்கலாம் என்று அரசு இறங்கிவந்தது. அது போராடிப் பெற்ற வெற்றி. அதே தமிழும் இலக்கியமும் பள்ளி ஒதுக்கீட்டின் வழியாகச் சத்தமில்லாமல் கைநழுவும்போது எந்த ஊர்வலமும் இல்லை. இழப்பு ஓர் அறிவிப்பாக வருவதில்லை. நால்வர் நால்வராக வருகிறது.

புகுமுக வகுப்பு இந்தச் சிதறலைக் கூட்டுகிறது. தமிழ்ப்பள்ளியிலும் சீனப்பள்ளியிலும் படித்து, மலாய்மொழியில் வேண்டிய தேர்ச்சி பெறாத பிள்ளைகள் படிவம் 1க்கு முன் ஓராண்டு அதில் உட்கார வேண்டும். எல்லா இடைநிலைப்பள்ளிகளிலும் அந்த வகுப்பு நடப்பதில்லை. ஆகவே மொழியில் தடுமாறும் பிள்ளை, நண்பர்களையும் விட்டு, சில நேரம் வீட்டுப் பக்கத்துப் பள்ளியையும் விட்டு வேறிடம் போகிறது. மிகவும் துணை தேவைப்படும் பிள்ளையைத்தான் தனியாக அனுப்புகிறோம். ஆறாம் ஆண்டு இறுதியில் எழுதிவந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் ஒழிக்கப்பட்டபின் பள்ளி அளவிலான மதிப்பீடு முக்கியமானது. ஆனால் இந்த ஓராண்டுப் பிரிப்பு நீடிக்கிறது.

வேறு நாடுகள் இதை எப்படிக் கையாண்டன? அமெரிக்காவின் மேரிலண்ட் மாநிலத்தில், பால்டிமோருக்கும் வாஷிங்டனுக்கும் இடையில் ஹோவர்ட் கவுண்டி என்ற வசதியான மாவட்டம் இருக்கிறது. அதன் மையமான கொலம்பியா நகரை ஜேம்ஸ் ரவுஸ் என்ற கட்டுமான முதலாளி 1967இல், எல்லா இனத்தவரும் எல்லா வருமானத்தவரும் சேர்ந்து வாழவேண்டும் என்ற எண்ணத்தோடு உருவாக்கினார். 2019 ஆகஸ்டில் அந்த மாவட்டத்தின் கல்விக் கண்காணிப்பாளர் மைக்கேல் மார்டிரானோ, 7,000க்கும் மேற்பட்ட மாணவர்களை வேறு பள்ளிகளுக்கு மாற்றும் திட்டத்தை முன்வைத்தார். சில பள்ளிகள் பிதுங்கின, சிலவற்றில் இடம் கிடந்தது. ஏழைப் பிள்ளைகள் ஒருசில பள்ளிகளில் குவிந்திருந்தார்கள். இரண்டையும் ஒரே அடியில் சரிசெய்யப் பார்த்தார். ரிவர் ஹில் உயர்நிலைப்பள்ளி வட்டாரத்துப் பெற்றோர் தம் பிள்ளைகள் வைல்ட் லேக் பள்ளிக்கு மாற்றப்படுவதை எதிர்த்துத் திரண்டார்கள். இரண்டு பள்ளிப் பெயர்களும் அந்தக் கொலம்பியா நகரின் இரண்டு குடியிருப்புகளின் பெயர்கள்தாம்.

பெற்றோர் சொன்ன காரணங்களில் எல்லா வகையும் இருந்தன. நடந்து போன பிள்ளை பேருந்தில் ஏறவேண்டும், நட்பு உடையும், விளையாட்டுக் குழு கலையும் என்றார்கள். இவை நியாயமான கவலைகள். வீட்டு விலை விழும் என்ற கவலையும் இருந்தது. அடுத்த பள்ளியின் பிள்ளைகள் எப்படிப்பட்டவர்கள் என்ற பேச்சும் எழுந்தது. பல நாள் விசாரணைக்குப் பின் நவம்பரில் கல்வி வாரியம் ஏறத்தாழ 5,400 மாணவர்களை மாற்றும் திட்டத்தை நிறைவேற்றியது. எதிர்த்தவர்களுக்கு முழு வெற்றி இல்லை. ஆனால் திட்டம், வரைபடம், எண்ணிக்கை எல்லாம் மூன்று மாதத்துக்கு முன்பே பொதுவில் இருந்தன. யார் எதற்காக எதிர்க்கிறார்கள் என்பதும் பொதுவில் தெரிந்தது. நல்ல காரணமும் கெட்ட காரணமும் வெளிச்சத்தில் நின்றால்தான் அவற்றைப் பிரித்துப் பார்க்க முடியும்.

வீட்டு விலைக் கவலை கற்பனை அன்று. மாசசூசெட்ஸில் பள்ளி எல்லைக் கோட்டின் இருபுறமும் இருந்த வீடுகளை ஒப்பிட்டு சாண்ட்ரா பிளாக் என்ற பொருளியலாளர் 1999இல் வெளியிட்ட ஆய்வு, பள்ளியின் தேர்வு மதிப்பெண் 5 விழுக்காடு கூடினால் வீட்டுக்குப் பெற்றோர் 2.5 விழுக்காடு கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருப்பதைக் கண்டது. தென்கொரியாவில் 1974இல் நல்ல பள்ளி, சாதாரணப் பள்ளி என்ற வேற்றுமையை ஒழிக்க, தேர்வை நீக்கி வசிக்கும் வட்டாரப்படி மாணவர்களை ஒதுக்கினார்கள். பெயர்பெற்ற கியோங்கி உயர்நிலைப்பள்ளி 1976இல் ஹான் ஆற்றுக்குத் தெற்கே இடம் மாற்றப்பட்டது. மற்றவையும் தொடர்ந்தன. ஆற்றுக்குத் தெற்கே இருக்கும் அந்தக் கங்னம் வட்டாரம் பணக்காரக் குடும்பங்கள் முட்டிமோதும் பள்ளி மாவட்டமாயிற்று. தேர்வில் ஒழித்த வேற்றுமை வீட்டு வாடகையில் திரும்பி வந்தது.

இங்கிலாந்தின் பிரைட்டன் நகரம் வேறு வழி பார்த்தது. வட்டாரங்களைப் புதிதாக வரைந்து, ஒரு பள்ளிக்கு வட்டாரத்திலிருந்து அளவுக்கு மீறி விண்ணப்பம் வந்தால் தூரத்தைப் பாராமல் குலுக்கலில் முடிவு செய்வது என்று 2007இல் தீர்மானித்து, அடுத்த ஆண்டே நடைமுறைப்படுத்தியது. பெற்றோர் கொதித்தார்கள். பின்னால் வந்த ஆய்வு, ஏழை பணக்காரப் பிள்ளைகள் கலப்பதில் பெரிய மாற்றம் ஏற்படவில்லை என்றது. வட்டாரக் கோடே பழைய வேற்றுமையை ஒட்டி ஓடினால் குலுக்கல் மட்டும் எதையும் மாற்றாது.

நமக்கு இன்னும் நெருக்கமான பாடம் இலங்கையில் இருக்கிறது. அங்கே அரசுப் பள்ளிகளின் முதலாம் தர அனுமதிக்கு ஆண்டுதோறும் சுற்றறிக்கை வரும். அருகில் வசிப்போருக்குப் பாதி இடம், பழைய மாணவர் பிள்ளைகளுக்குக் கால் பங்கு, ஏற்கெனவே படிப்பவரின் தம்பி தங்கைகளுக்கு 15 விழுக்காடு என்று கணக்கு எழுத்தில் இருக்கும். வாக்காளர் இடாப்பில் எத்தனை ஆண்டு பெயர் இருக்கிறது, வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில் வேறெத்தனை பள்ளிகள் இருக்கின்றன என்பதற்கெல்லாம் புள்ளி உண்டு. கள்ளப் பத்திரம் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஆயினும் ஒரு தகப்பன் தன் பிள்ளையின் புள்ளியைத் தானே கூட்டிப் பார்க்க முடியும். தவறு நடந்தால் மேன்முறையீட்டுச் சபைக்கும், அடிப்படை உரிமை மீறல் என்று உச்ச நீதிமன்றத்துக்கும் போக முடியும், பலர் போயிருக்கிறார்கள். சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளிச் சேர்க்கைக்கு ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் என்று அளவு வைத்து, இடம் போதாவிட்டால் குலுக்குகிறார்கள். இந்தியாவின் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் மாதிரி விதிகள் ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டர், எட்டாம் வகுப்பு வரை மூன்று கிலோமீட்டர் என்று பள்ளியின் தூரத்தை நிர்ணயித்தன. எந்த முறையும் குறையற்றது அன்று. ஆனால் எல்லாவற்றிலும் விதி முன்கூட்டியே தெரிகிறது.

இவற்றையெல்லாம் பார்த்தபின், எதிர்க்கும் குடும்பங்களைத் தன்னலக்காரர்கள் என்று ஒதுக்கிவிடுவதும் தவறு, அவர்கள் சொல்வதெல்லாம் சரி என்று தலையாட்டுவதும் தவறு என்றே இந்தக் கட்டுரை கருதுகிறது. பெயர்பெற்ற பள்ளி தன் தெருவுக்கே சொந்தம் என்ற வாதத்துக்கு இடம் கொடுக்க வேண்டியதில்லை. பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளி யாருக்கும் பரம்பரைச் சொத்தாகாது. ஆனால் அக்கா படிக்கும் பள்ளியில் தங்கைக்கும் இடம் வேண்டும் என்ற கோரிக்கை வேறு. மாலை நேரப் பள்ளி முடிந்து பொழுது சாயும்போது வீடு திரும்பும் பிள்ளைக்கு நேரடியான பேருந்து வேண்டும் என்ற கோரிக்கை வேறு. தமிழ் வகுப்பு நடக்கும் பள்ளிக்கே அனுப்புங்கள் என்பதும் வேறு. இவை சலுகைகள் அல்ல. கோடு போடுகிறவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய உண்மைகள்.

வீட்டு முகவரியை மட்டும் வைத்து ஒதுக்கினால் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள்தான் அதிகம் சிதறுவார்கள். தமிழ்ப்பள்ளி குறைவு, அதனால் பிள்ளைகள் தொலைவிலிருந்து வேனில் வந்து படிக்கிறார்கள். ரெலாவில் வசிக்கும் பிள்ளை சுங்கை ஆரா தமிழ்ப்பள்ளியிலோ குளுகோர் சுப்பிரமணிய பாரதி தமிழ்ப்பள்ளியிலோ படிக்கலாம். ஆரம்பப்பள்ளியைப் பார்த்து ஒதுக்கினால் அவன் நண்பர்களோடு போவான், வீடு தூரமாகலாம். முகவரியைப் பார்த்தால் வீடு பக்கம், தமிழ் தூரம். எது வேண்டும் என்பதைக் குடும்பமே சொல்லட்டும். ஐந்தாம் ஆண்டிலேயே ஒரு பாரத்தில் அதைக் கேட்டு வாங்க ஒரு கல்வி அலுவலகத்துக்கு எவ்வளவு செலவாகிவிடும்?

இன்னும் செய்யக்கூடியவை உண்டு. எந்த ஆரம்பப்பள்ளி எந்த இடைநிலைப்பள்ளியோடு இணைக்கப்பட்டிருக்கிறது, அங்கே எத்தனை இடம், தமிழ் வகுப்பு உண்டா, புகுமுக வகுப்பு உண்டா என்ற பட்டியலை ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டலாம். இணைப்பை மாற்றினால் அந்த ஆண்டு ஆறாம் ஆண்டில் இருப்பவர்களை விட்டு, அடுத்து வருபவர்களிடமிருந்து தொடங்கலாம். மேல்முறையீடுகளில் எத்தனை வந்தன, எத்தனை ஏற்கப்பட்டன, எந்தக் காரணத்துக்காக என்பதைப் பெயர் சொல்லாமல் வெளியிடலாம். இதில் எதற்கும் புதுச் சட்டம் தேவையில்லை.

பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் வேலை இருக்கிறது. ஆறாம் ஆண்டு முடிந்ததும் பள்ளியோடு உறவு அறுந்துவிடுகிறது. பிள்ளைகள் எந்தெந்தப் பள்ளிக்குப் போனார்கள் என்ற பட்டியலைச் சங்கம் ஒவ்வோர் ஆண்டும் எழுதி வைத்தாலே, ஐந்து வருடத்தில் கண்ணுக்குத் தெரியாத அந்த வரைபடம் ஓரளவு கையில் வந்துவிடும். தனித்தனி மனுக்களின் இடத்தில் ஒரு கூட்டு மனு எழுத அது போதும்.

படிவம் 1இல் பிள்ளையைச் சேர்த்திருக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பள்ளி எதுவானாலும் முதல் வாரத்திலேயே அங்கு எத்தனை தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எல்லாப் படிவங்களையும் சேர்த்து எண்ணுங்கள். 15 பேர் தேறினால், கையெழுத்து வாங்கி, 1996ஆம் ஆண்டுச் சட்டத்தைக் குறிப்பிட்டு முதல்வரிடம் கடிதம் கொடுங்கள், ஒரு நகலை மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும் அனுப்புங்கள்.